கேமரா வாங்கும்முன் தூறலைப் பாருங்கள்

போன கார்த்திகை தீபத்தன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். வாசற்படியிலிருந்து மொட்டை மாடிச் சுவர் வரை அகல் விளக்கு. புதிதாக வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவில், பையனை விளக்கோரம் நிறுத்தி அக்கா பத்துப் பதினைந்து படம் எடுத்தாள். டிவியில் போட்டுப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. பையன் கன்னமெல்லாம் ரவையைத் தூவியதுபோல் புள்ளி புள்ளி.

"இருபது மெகாபிக்சல்னு சொல்லித்தானேடா குடுத்தாங்க? அப்புறம் ஏன் இப்படி இருக்கு?"

அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. கார்த்திகை மாதக் கடலூரில் மழைக்குக் கேட்கவா வேண்டும். விளக்குகளை அள்ளி உள்ளே வைக்கும்போது மாடித் தரையைக் கவனித்தேன். காய்ந்த சிமெண்டில் ஒரு கையகல இடத்தில் நாலு துளி, பக்கத்தில் ஒன்றுமில்லை, அதற்கடுத்து ஏழு. தரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது, தரை ஒரே சீராக நனைந்து கறுத்துவிட்டது.

வெளிச்சமும் இப்படித்தான் விழுகிறது. அது ஃபோட்டான் என்னும் துளித் துளியாக வருவது. கேமராவுக்குள் இருக்கும் சென்சார் ஒரு சிலிக்கான் தகடு. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழுந்த துளிகளை எண்ணிச் சொல்கிறது, அந்த எண்களைக் கோத்ததுதான் படம். எல்லாக் கட்டத்திலும் துளி சமமாக விழாது. சராசரியாக 100 துளி விழும் இடத்தில் ஒரு கட்டத்துக்கு 90, இன்னொன்றுக்கு 110 என்று பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 10,000 துளி விழுந்தால் அந்த ஏற்றத்தாழ்வு சுமார் 100, அதாவது ஒரே சதவீதம். அது கண்ணுக்குத் தெரியாது. மத்தியான வெயிலில் சில்வர் பீச்சில் எந்தக் கேமராவும் நன்றாக எடுப்பதும், அகல் வெளிச்சத்தில் அதே கேமரா தடுமாறுவதும் இதனால்தான். பையன் கன்னத்தில் இருந்தவை தூறல் பொட்டுகள்.

இருட்டில் படத்தை வெளிச்சமாகக் காட்டக் கேமராவில் உள்ள ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் போதாதா என்று கேட்பார்கள். அது புதிதாக ஒரு துளியையும் கொண்டுவராது. இருக்கிற எண்ணைப் பெருக்கிக் காட்டும், பொட்டும் சேர்ந்து பெருகும்.

சரி, துளியை எப்படிக் கூடுதலாகப் பிடிப்பது? முதல் வழி, தரையை, அதாவது சென்சாரை, பெரிதாக்குவது. மலிவான சின்னக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் '1/2.3 அங்குல' சென்சார் இருக்கும். உண்மையில் அது சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. '1 அங்குல' சென்சார் என்பது 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. பெயரில்தான் அங்குலம். பழைய டிவி கேமராக்களின் கண்ணாடிக் குழாய் அளவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பெயர் அது. பரப்பைக் கணக்கிட்டால் முதலாவதைப்போல் நாலு மடங்கு. லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு.

மெகாபிக்சல் என்பது இதே தரையை எத்தனை கட்டமாகப் பிரித்தார்கள் என்ற கணக்கு மட்டுமே, பத்து லட்சம் கட்டம் ஒரு மெகாபிக்சல். ஸ்டூடியோவில் நாம் போடும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும், 1800 பெருக்கல் 1200. இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே கூடுதல். 4கே டிவிக்கு எட்டேகால் போதும். அக்காவைப்போல எத்தனையோ பேர் இந்த ஒரு எண்ணைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள், எனக்கு அது மனதை உறுத்துகிறது.

அடுத்தது லென்ஸின் வாய். லென்ஸ் முகப்பு வளையத்தில் 1:3.3-6.9 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரியது. இது வர்க்கக் கணக்கு. 3.6 இருக்கும் இடத்தில் 1.8 இருந்தால் நாலு மடங்கு வெளிச்சம். இரண்டாவது எண் முழு ஜூமில் உள்ள அளவு. சாயங்காலத்தில் ஜூம் செய்தால் படம் கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, நேரம். ஷட்டர் என்னும் கதவு கூடுதல் நேரம் திறந்திருந்தால் கூடுதல் துளி விழும். அன்று ராத்திரி கூடத்துக் கோலத்தின்மேல் விளக்குகளை வைத்து, கேமராவை ஸ்டூலில் நிறுத்தி, டைமர் போட்டு, ஷட்டர் ஒரு நொடி திறந்திருக்கும்படி செய்தேன். அதே கேமராதான். கோலப்பொடியின் சொரசொரப்புகூடத் தெரிந்தது. நடுவில் பையன் குறுக்கே ஓட, அவன் மட்டும் புகைபோல் பதிந்தான். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருப்பதாகப் பெட்டியில் போட்டிருப்பார்கள். அது உங்கள் கையைத்தான் சமாளிக்கும், ஓடுகிற பிள்ளையை அல்ல.

இப்போதைய செல்போன்கள் இந்த இடத்தில் முந்திவிட்டன. பெரும்பாலும் சென்சார் சின்னதுதான், ஆனால் மளமளவென்று பல படம் எடுத்து, அசைவை ஒத்துப்பார்த்து ஒன்றாகச் சேர்த்துவிடுகின்றன. சின்ன டம்ளரைப் பலமுறை மழையில் நீட்டுவதுபோல. ஆகவே வீட்டு விசேஷத்துக்கு மட்டும் என்றால், ஜூமும் பெரிதாக இல்லாத 1/2.3 அங்குலக் கேமராவைத் தனியாக வாங்கவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரியில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அதே சின்ன சென்சார் கைகொடுக்கும். சென்சார் சிறியதாக இருப்பதால்தான் நீண்ட ஜூமைக் கைக்கு அடக்கமான கேமராவில் வைக்க முடிகிறது, பகல் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. 'ஆப்டிகல்' ஜூம் எத்தனை மடங்கு என்று மட்டும் கேளுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. விளக்கு வெளிச்சம்தான் முக்கியம் என்றால் 1 அங்குல சென்சார் உள்ளதைப் பழையதாகத் தேடலாம். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் முதல் மாடல் 2012இல் வந்தது. லென்ஸ் 1.8இல் தொடங்குகிறது, எடை 240 கிராம், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் 'ஆட்டோ' முறையில் வைத்து அமுக்கினால் போதும்.

பழையது வாங்கும்போது, லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். புதுச்சேரி, கடலூர் ஈரக்காற்றில் பூட்டியே கிடந்த கேமராவில் சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கலாம். ஜூமை நாலைந்து முறை நீட்டி மடக்கி, காதருகே வைத்துக் கேளுங்கள். தேவனாம்பட்டினம் மணலில் ஒருநாள் காற்றடிக்கும்போது என் கேமராவைத் திறந்துவைத்திருந்தேன். ஒன்றிரண்டு மணல்தான் போயிருக்கும், அன்றிலிருந்து 'கரக் கரக்' என்று சத்தம், மறுமாதம் லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. அக்காவிடம் இதைச் சொன்ன பிறகு, அவள் கேமராவை மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறாள். பகலில் பையனோடு கடற்கரைக்குப் போனால், அலையோரத்துக்கு இறங்காமல் சாலையோரம் நின்றே எடுக்கிறாள்.