மலைநடை முடித்த கையோடு வெந்நீர் ஊற்றில் இறங்காதீர்கள்

பாலைவனத்து வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் கூடாரம் போடுகிறவர்களில் பலர் ஒரே மாதிரிதான் திட்டம் வைத்திருப்பார்கள்: பகலில் மலைநடை, திரும்பியதும் நேராக ஊற்றுக் குளம். களைப்புக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் மருத்துவராகப் பார்த்தால், அந்த நாளின் மிக ஆபத்தான நேரம் அதுதான்.

வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்காது, உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் உடல் நீரை இழப்பதே தெரியாது. கறுப்புச் சட்டையில் வெள்ளையாகப் படியும் உப்புக் கோடுதான் காட்டிக்கொடுக்கும். இந்த நிலையில் 40 டிகிரி செல்சியஸ் நீரில் இறங்கினால், தோலின் ரத்தக் குழாய்கள் இன்னும் விரிகின்றன. நீருக்குள் வியர்த்தாலும் அது ஆவியாக வழியில்லை. உடல் குளிரவே முடியாமல் உள்வெப்பம் ஏறுகிறது. கழுத்தளவு நீரின் அழுத்தம் கால் ரத்தத்தை மேலே தள்ளிவைத்திருப்பதால் உள்ளே இருக்கும்வரை நன்றாகவே இருக்கும். எழுந்து நின்றதும் அந்த அழுத்தம் போய், ரத்தம் கால்களுக்கு இறங்கி, ரத்த அழுத்தம் சரிகிறது. கண் இருட்டிக்கொண்டு வரும். படிக்கட்டில் விழுந்தால் தலையில் காயம். நீருக்குள்ளேயே சரிந்தால், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், உயிரே போகலாம்.

எனவே வரிசையை மாற்றுங்கள். விடியும்போதே நடை, வெயில் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும். பிறகு நிழல், உணவு, தண்ணீர், ஓய்வு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக வந்த பிறகே குளம், அதுவும் மாலையில். 40 டிகிரி நீரில் 10 முதல் 15 நிமிடம் போதும். வெளியே வரும்போது முதலில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். மது கூடாது. தனியாக இறங்கவும் கூடாது.

பிபி மாத்திரை, சிறுநீரை அதிகம் வெளியேற்றும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதய நோயாளிகளும் கிளம்பும் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், சூடான குளத்தைத் தவிர்ப்பதே நல்லது. நீரிழிவால் பாத உணர்வு மங்கியவர்கள் காலை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது, வெந்துபோனாலும் தெரியாது.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. கையிருப்பில் பாதி தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை நீரிழப்பு என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பவர்கள் உண்டு. உப்புள்ள தின்பண்டமோ ஓஆர்எஸ் பொட்டலமோ பையில் இருக்கட்டும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

பருவம் பார்த்துப் போங்கள். கலிபோர்னியாவின் அன்சா-பொரேகோ பாலைவனத்தை ஒட்டிய அகுவா கலியெந்தே பூங்காவைக் கோடையில் மூடிவிடுகிறார்கள். அமெரிக்காவின் நெவாடா-அரிசோனா எல்லையில் உள்ள மீட் ஏரிப் பகுதியில் அரிசோனா வெந்நீர் ஊற்றுக்குப் போகும் நடைபாதையும் மே நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை மூடப்படும். குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை: இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். ஈர உடையோடு கூடாரத்துக்கு நடந்தால் நடுக்கம் எடுத்துவிடும். துவாலையும் கம்பளித் தொப்பியும் குளத்தின் விளிம்பிலேயே தயாராக இருக்க வேண்டும்.

எந்தக் காரணத்துக்காகவும் தலையை நீருக்குள் விடாதீர்கள். கிருமிநாசினி கலக்காத இயற்கை ஊற்றுகளில் நெக்லீரியா ஃபௌலரி என்ற அமீபா இருக்கக்கூடும். 46 டிகிரி வரைகூட அது வளரும். குடிப்பதால் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் மூளையைத் தாக்கும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் வெகு சிலரே. ஆகவே குழந்தைகள் முங்கி விளையாட வேண்டாம், அடிச்சேற்றையும் கிளற வேண்டாம். குளித்த 12 நாட்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி வந்தால் ஊற்றில் குளித்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர் கேட்காமல் போகலாம்.

கூடாரத்தை வறண்டு கிடக்கும் மணல் ஓடையில் போடாதீர்கள். தரை சமமாக, மென்மையாக இருக்கும். ஆனால் தொலைவில் எங்கோ பெய்த மழை, தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். காலையில் காலணியை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். சோய்யா என்ற கள்ளியின் உருண்டை தோலில் குத்தி ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்காதீர்கள், கையிலும் ஒட்டிக்கொள்ளும். சீப்பை அதற்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து வெளிப்பக்கம் நெம்புங்கள். மீந்த முள்ளைச் சாமணத்தால் எடுங்கள்.

தலைசுற்றல், குமட்டல், களைப்பு மட்டும் என்றால் நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, உப்புச் சர்க்கரை நீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், அது வெப்பவாதம். வியர்வை இருக்கிறதா என்று பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். வெப்பவாதத்தில் வியர்வை இருக்கவும் செய்யும். வாயில் எதுவும் ஊட்டாதீர்கள், பாராசிட்டமாலும் பயன்படாது. ஒருவர் அமெரிக்க அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கட்டும், கைபேசிக்கு சிக்னல் இல்லையென்றால் பூங்கா ஊழியரிடம் ஓடட்டும். மற்றவர்கள் உடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். ஐஸ் பெட்டியில் இருக்கும் ஐஸ் முழுவதையும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். முதலில் குளிர்வியுங்கள், வண்டியில் ஏற்றுவது அதற்குப் பிறகு.