சொல் விளக்கம்: சாகசம்

‘பைக் சாகசம்: இளைஞர்கள் கைது’. தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு இது. நடுச்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போவது, நள்ளிரவில் ரேஸ் விடுவது, இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுவது எல்லாமே இந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. போலீஸ் குற்றமென்று வழக்குப் போடுவதற்கு நாம் சாகசம் என்று பெயர் வைக்கிறோம். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சாகசம் வடசொல். மூலம் ‘ஸாஹஸ’. அதற்கு அடியான ‘ஸஹஸ்’ வலிமையைக் குறிக்கும். பழைய நீதிநூல்களில் இது ஒரு குற்றத்தின் பெயர். ஆள் பார்த்திருக்கும்போதே வலுக்கட்டாயமாகச் செய்வதை அர்த்தசாஸ்திரம் சாகசம் என்கிறது. மறைவில் செய்தால்தான் அது திருட்டு. மனு நூலில் அபராதத்துக்கே இந்தப் பெயர் உண்டு: 250 பணம் முதல் சாகசம், 500 நடுச் சாகசம், 1000 மேல் சாகசம்.

தமிழுக்கு வந்தபின் சொல் இரண்டாகக் கிளைத்தது. ஒன்று பாசாங்கு, ‘சாகசக்காரி’ என்று ஏசுவதில் இருப்பது அந்தப் பொருள்தான். இன்னொன்று துணிச்சலான வீரச்செயல். மலையேறுபவருக்கும் கடலைத் தனியே கடப்பவருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அவர்கள் பணயம் வைப்பது தங்கள் உயிரை. சாலையில் நடப்பது அப்படியில்லை. முன்சக்கரம் தரையில் இல்லாவிட்டால் ஹேண்டிலைத் திருப்பியும் பயனில்லை, முன் பிரேக்கைப் பிடித்தும் பயனில்லை. எதிரே ஒரு குழந்தை ஓடிவந்தால் அந்த வண்டியை வளைக்கவும் முடியாது, சட்டென்று நிறுத்தவும் முடியாது. துணிவு என்ற நம் சொல்லையும் இதற்குத் தரக்கூடாது. ‘எண்ணித் துணிக கருமம்’ என்பது குறள். எண்ணிப் பார்த்தபின் வருவதுதான் துணிவு.

சட்டம் சாகசம் என்று சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதைப் பற்றியது, 189 அனுமதியில்லாத பந்தயத்தைப் பற்றியது. 1988-இல் சட்டம் வந்தபோது பந்தயத்துக்கு அதிகபட்சம் ஒரு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம், 5,000 ரூபாய். மறுபடி சிக்கினால் ஓராண்டு, 10,000 ரூபாய். ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளையென்றால் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைக்குப் போக நேரலாம், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. எஃப்.ஐ.ஆரில் போலீஸ் எழுதும் வழக்கமான வாசகம், ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’. நீளம்தான், ஆனால் அதில் பொய்யில்லை.

சரி, சுருக்கமாக என்ன சொல்லலாம்? ரேஸுக்குப் பந்தயம் போதும். மலையாளத்தில் பந்தயம், தெலுங்கில் பந்தெம் என்று அக்கம்பக்கத்திலும் உள்ள சொல். பணயம் என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. வீலிங்குக்கு ‘முன்சக்கரம் தூக்கி ஓட்டுதல்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினாலே எல்லோருக்கும் புரியும்.

எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல எனக்குப் பிடித்தது ‘தறிகெட்டு ஓட்டுதல்’. தறி என்பது மாட்டையோ யானையையோ கட்டும் கம்பம். கம்பன் வீட்டில் கவி பாடிய கட்டுத்தறி இதுதான். கட்டை அறுத்துக்கொண்டு தெருவில் பாய்வதுதான் தறிகெட்டு ஓடுவது. பிரேக் பிடிக்காத லாரிக்கு ‘தறிகெட்டு ஓடிய லாரி’ என்று பத்திரிகைகள் ஏற்கெனவே எழுதுகின்றன. லாரி தானாக ஓடியது, இங்கே ஒருவர் வேண்டுமென்றே ஓட்டுகிறார்; அந்த வேறுபாட்டை ‘ஓட்டிய’ என்ற வினை காட்டிவிடும். அப்போது தலைப்பு இப்படி வரும்: ‘தறிகெட்டு பைக் ஓட்டிய மூவர் கைது’.