தாண்டலும் நாடலும்: டிடி கட்டளையின் 'ஸ்கிப்', 'சீக்'

உள்ளே இருப்பது படமா, கடிதமா, வெறுமையா என்று பாராமல், கோப்பையோ முழு வட்டையோ பைற் பைற்றாகப் படியெடுக்கும், யுனிக்ஸ் என்ற இயக்க முறைமையின் கருவி 'டிடி'. உள்ளீட்டில் எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று அதற்குச் சொல்லும் சொல் 'ஸ்கிப்'. வெளியீட்டில் எங்கே எழுதத் தொடங்குவது என்று சொல்வது 'சீக்'. எது எந்தப் பக்கத்துக்குரியது என்பது இந்த ஆங்கிலச் சொற்களைப் பார்த்தால் தெரியாது. ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதினாலும் கருவி மறுப்புச் சொல்லாமல் வேலையைத் தொடங்கிவிடும்.

இலங்கையின் வடக்கே வன்னியில் இச்சொற்கள் பாடநூல் விடயமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 2009இல் முடிந்த போரில் கையில் கொண்டுபோக முடிந்ததை மட்டும் கொண்டு இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். கலியாணப் படங்களும் இறந்துபோன பிள்ளையின் படமும் ஒரேயொரு பழைய மெமரி காட்டில் மிஞ்சியிருக்கும் வீடுகள் இங்கே உண்டு. அந்தக் காட் பழுதாகிக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு திருத்தகத்துக்கு வரும்போது, அதைக் கையில் எடுக்கும் இளைஞருக்கு ஸ்கிப், சீக் இரண்டும் தெளிவாக விளங்கியிருக்க வேண்டும். தமிழ் மொழிமூலம் படித்தவருக்கு அவை தமிழிலேயே விளங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

டிடி என்ற பெயர், ஐபிஎம் பெருங்கணினிகளின் வேலைக் கட்டுப்பாட்டு மொழியில் இருந்த 'தரவு வரையறை' என்ற கூற்றின் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து வந்தது. மற்ற யுனிக்ஸ் கட்டளைகளைப் போலன்றி உள்ளீட்டுக் கோப்புக்கு 'ஐஎஃப்=', வெளியீட்டுக் கோப்புக்கு 'ஓஎஃப்=' என்று சமக்குறி போட்டு எழுதும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே. 1974இல் வெளிவந்த யுனிக்ஸ் ஐந்தாம் பதிப்பிலேயே டிடி இருந்தது. அது காந்த நாடாக்களின் காலம்.

ஸ்கிப் என்றால் ஆங்கிலத்தில் துள்ளுதல், துள்ளிக் கடத்தல். ஸ்கண்டிநேவிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கக்கூடிய சொல் என்பார்கள். டிடியில் அது உள்ளீட்டின் தொடக்கத்தில் இத்தனை தொகுதிகளை, அதாவது ஒரே அளவான பைற் கூட்டங்களை, படியெடுக்காமல் கடந்து போ என்ற பொருள் தரும். உள்ளீடு வட்டிலுள்ள கோப்பாக இருந்தால் கருவி நேரே அந்த இடத்துக்குப் போய்விடும். வேறொரு நிரலிலிருந்து குழாய் வழியாக வரும் தாரையாக இருந்தால் அப்படிப் போக முடியாது. குழாய்க் கிணற்றில் முதலில் வரும் கலங்கல் நீரை ஓடவிட்டுப் பிறகு குடத்தை வைப்பதுபோல, கடக்க வேண்டிய பைற்றுகளை எல்லாம் வாசித்து வாசித்துக் கைவிட வேண்டும். உள்ளீட்டின் நீளத்தையும் விஞ்சிக் கடக்கச் சொன்னால் லினக்ஸிலுள்ள டிடி எச்சரிக்கை தந்துவிட்டு, ஒன்றையும் படியெடுக்காமல் நின்றுவிடும்.

சீக், பழைய ஆங்கிலத்தின் 'சேக்கன்' என்ற வினையிலிருந்து வந்தது. இன்றைய ஜெர்மனின் 'சூக்கன்' அதன் உறவு. இரண்டுக்கும் பொருள் தேடுதல். கணினித் துறையில் அச்சொல் வட்டுகளோடு வேரூன்றியது. வாசிப்புத் தலை நகர்ந்து குறித்த தடத்துக்குப் போய்ச் சேர்வதை சீக் என்றார்கள். யுனிக்ஸில் கோப்பின் நிலையை மாற்றும் அழைப்புக்கும் 'எல்சீக்' என்றே பெயர். டிடியில் சீக், வெளியீட்டின் தொடக்கத்திலிருந்து இத்தனை தொகுதிகள் விலகிய இடத்தில் எழுதத் தொடங்கு என்கிறது. அந்த இடம் கோப்பின் முடிவுக்கு அப்பால் இருந்தாலும் குற்றமில்லை. நடுவே ஒரு பொள்ளல் விழும். வாசித்துப் பார்த்தால் அது சுழியங்களாகத் தெரியும்.

உள்ளீட்டில் கடப்பதற்கு ஏற்கெனவே ஏதாவது இருந்தாக வேண்டும். வெளியீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஓர் இடத்துக்குப் போகலாம். இரண்டு வினைகள் வைத்தது ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான். தமிழ்ச் சொற்களையும் இதிலிருந்தே எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிப்புக்குக் கொடுக்கும் எண் உள்ளீட்டுத் தொகுதிகளையும், சீக்குக்குக் கொடுப்பது வெளியீட்டுத் தொகுதிகளையும் குறிக்கிறது. அளவு சொல்லாவிட்டால் ஒரு தொகுதி 512 பைற். தொகுதி அளவைச் சொல்லும் 'பிஎஸ்' வழியாக 1 மெகாபைற் என்று சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் 10,48,576 பைற்.

இப்போது அந்த மெமரி காட்டுக்கு வருவோம். முதல் 20 மெகாபைற் வாசிக்க முடியாமல் பழுதாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகுதி அளவை 1 மெகாபைற்றாக்கி ஸ்கிப்புக்கு 20 கொடுத்தால் பழுதான பகுதி கழிந்துவிடும். ஆனால் சீக் கொடுக்காமல் விட்டால், படிவத்தில், அதாவது படியெடுத்த கோப்பில், ஒவ்வொரு பைற்றும் தன் பழைய இடத்திலிருந்து 20 மெகாபைற் முன்னே வந்து அமரும். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கோப்பு முறைமை வைத்திருக்கும் முகவரிகள் அனைத்தும் பிசகிவிடும். ஆகவே சீக்குக்கும் 20 கொடுக்க வேண்டும். அப்போது முன்னால் வெறுமை நிற்க, பின்னாலுள்ளவை தம் இடத்திலேயே இருக்கும்.

பிறகு அந்த முன்பகுதியிலிருந்து கொஞ்சம் வாசிக்க முடிந்து, அதை அதே படிவத்தில் நிரப்பப் போகிறீர்கள். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். வெளியீடு சாதாரணக் கோப்பாக இருந்தால், எழுதத் தொடங்கும் இடத்துக்குப் பின்னுள்ள அனைத்தையும் டிடி முதலிலேயே வெட்டிவிடும். சீக் இல்லை என்றால் வெட்டு தொடக்கத்திலேயே விழும். முன்பு மீட்டது அவ்வளவும் போய்விடும். வெட்டாதே என்று சொல்லும் 'நோட்ரங்க்' என்ற சொல்லை படியெடுக்கும் விதத்தை மாற்றும் 'கொன்வ்=' என்பதற்குப் பின் சேர்த்தே ஆக வேண்டும். படிவத்துக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொண்டு நிரப்புவது அதைவிட நல்லது.

தமிழுக்கு வருவோம். சீக் என்பதற்குத் 'தேடு' என்று எழுதத்தான் எவருக்கும் முதலில் தோன்றும். அகராதிப்படி சரி, இங்கே பொருந்தாது. தேடுகிறவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்பிடுவார். சீக் எதையும் பார்ப்பதில்லை, எண் சொன்ன இடத்துக்குப் போகிறது. 'நாடு' என்ற வினையே இதற்கு உரியது. வைத்தியரை நாடிப் போனார் என்கிறோம். போகுமிடம் முன்பே தெரிந்திருக்கிறது. தேடல், அடைதல் இரண்டும் அச்சொல்லில் இருப்பதால் ஆங்கில வேரும் கெடவில்லை. ஸ்கிப்புக்குத் 'தவிர்' என்பதைவிடத் 'தாண்டு' நல்லது. தவிர்த்தலில் முன்னே போகும் அசைவு இல்லை. 'பஸ் மாங்குளத்தைத் தாண்டிவிட்டது' என்றால், மாங்குளம் வழியில் இருந்தது, பின்னால் போய்விட்டது என்று இரண்டும் விளங்கிவிடுகின்றன.

பக்கத்தையும் பெயரிலேயே சேர்த்து, உள்ளீட்டுத் தாண்டல், வெளியீட்டு நாடல் என்று எழுதலாம். ஆங்கிலத்திலும் இந்தத் தேவையை உணர்ந்திருக்கிறார்கள்: உள்ளீட்டுக்கு 'ஐசீக்', வெளியீட்டுக்கு 'ஓசீக்' என்ற மாற்றுப் பெயர்களை யுனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி முறைமைகள் ஏற்கின்றன, லினக்ஸில் வழங்கும் குனு டிடியும் 2022 முதல் ஏற்கிறது. பயிற்சிக் குறிப்பில் இதைக் கட்டளையாக எழுதினால் இப்படி வரும்: 'உள்ளீட்டில் 20 தொகுதி தாண்டி வாசி, வெளியீட்டில் 20ஆம் தொகுதியின் முடிவை நாடி எழுது, பின்னுள்ளதை வெட்டாதே.'