உப்பு எந்தக் குளிர் வரை கைகொடுக்கும்?

டொராண்டோவில் ஜனவரி மாதத்து வாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை விடியும்போது நல்ல பனி. வெப்பநிலை மைனஸ் 3 டிகிரி செல்சியஸ். வீட்டுக்காரர் வாசல் பனியை ஷவலால் தள்ளி, படிகளில் கல்லுப்பைத் தூவிவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவர நடக்கிறார். திரும்பி வருவதற்குள் படிகளில் ஒட்டியிருந்த பனிக்கட்டி நொறுங்கி ஈரமாகிவிடுகிறது. வியாழக்கிழமை மைனஸ் 19. அதே மூட்டையிலிருந்து இரண்டு மடங்கு உப்பைத் தூவுகிறார். மாலையில் பார்த்தால் உப்புக்கற்கள் பனிக்கட்டியின் மேல் போட்டது போட்டபடி கிடக்கின்றன. உப்பில் கலப்படம் ஏதுமில்லை. அது வேலை செய்யும் முறையே அப்படி.

உப்பு பனிக்கட்டியைச் சூடாக்கி உருக்குவதில்லை. கட்டியும் தண்ணீரும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் எந்நேரமும் சில நீர் மூலக்கூறுகள் கட்டியிலிருந்து பிரிந்து தண்ணீருக்குள் வருகின்றன. வேறு சில தண்ணீரிலிருந்து போய்க் கட்டியில் ஒட்டிக்கொள்கின்றன. தூய நீரில் 0 டிகிரியில் இந்த இரண்டு போக்கும் சமமாக இருக்கும். திருவிழா நாளில் கோயில் வாசலில் உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் சம எண்ணிக்கையில் இருக்கும்போது, உள்ளே போக எண்ணமில்லாத பூ வியாபாரிகள் வெளிக்கூட்டத்தில் கலந்து நின்றால் நுழைவு மட்டும் மந்தமாகும் அல்லவா? கரைந்த உப்பிலிருந்து பிரியும் சோடியம், குளோரைடு அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) செய்வது ஏறக்குறைய இதுதான். பனிக்கட்டியின் படிக அடுக்கில் அவற்றுக்கு இடமில்லை. தண்ணீரில் இருந்தபடியே, கட்டியில் சேரும் நீர் மூலக்கூறுகளின் வேகத்தைக் குறைக்கின்றன. பிரிந்து வருவது பழையபடி தொடர்வதால் கட்டி கரைகிறது. மீண்டும் சமநிலை ஏற்பட வேண்டுமானால் வெப்பநிலை இன்னும் கீழே இறங்க வேண்டும். உறைநிலை தாழ்கிறது என்று பாடப்புத்தகம் சொல்வதன் பொருள் இதுவே.

இதற்கு முதலில் கொஞ்சமாவது தண்ணீர் வேண்டும். உலர்ந்த உப்புக்கல் உலர்ந்த பனிக்கட்டியின் மேல் கிடந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. நல்ல வேளையாக, உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் திரவத்தை ஒத்த மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதை ஊகித்தார். உப்பு அந்தப் படலத்தில் கரையத் தொடங்கி, தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. குளிர் கூடக் கூட அந்தப் படலம் மெலிந்துபோவதால், தொடக்கமே தாமதமாகிறது.

அளவைப் பார்த்தால் சங்கதி இன்னும் தெளிவாகும். எடையில் 10 சதவீத உப்புக் கரைசல் சுமார் மைனஸ் 6.6 டிகிரியில் உறையத் தொடங்கும். 20 சதவீதக் கரைசல் மைனஸ் 16.5 டிகிரியில். அதாவது, முதல் குளிரில் 1 கிலோ உப்பு 9 கிலோ பனிக்கட்டியைத் தண்ணீராக்க வல்லது. இரண்டாவதில் 4 கிலோவைத்தான். மைனஸ் 1 டிகிரியிலோ அதே 1 கிலோ 40 கிலோவுக்கும் மேலாக உருக்கும். 23.3 சதவீதக் கரைசலுக்கு உறைநிலை மைனஸ் 21.1. உப்புநீர் எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த உறைநிலை அதுதான், அதற்குக் கீழே கல்லுப்பை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. நடைமுறையில் மைனஸ் 10, 12 டிகிரியைத் தாண்டும்போதே அதன் வேகம் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்குக் குறைந்துவிடும்.

வெப்பக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1 கிலோ பனிக்கட்டி உருக சுமார் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உப்பு அதைத் தருவதில்லை, தரையும் காற்றும் வெயிலும்தான் தர வேண்டும். எதுவும் தராவிட்டால் கலவை தன்னிடமுள்ள வெப்பத்தையே செலவழித்துக் குளிர்ந்துபோகும். குல்ஃபிப் பானையைச் சுற்றி ஐஸோடு உப்பைக் கலந்து நிரப்புவது இதற்காகத்தான். அதனால் வானிலை அறிக்கையில் வரும் காற்றின் வெப்பநிலையைவிட, காலடியில் உள்ள காங்கிரீட்டின் வெப்பநிலையே முக்கியம்: வெயில் படும் நடைபாதை பத்து மணிக்குள் தெளியும், வடக்குப் பார்த்த படியில் அதே உப்பு மாலை வரை கிடக்கும்.

கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே உறைநிலை தாழ்கிறது என்பதை 1880களில் பிரெஞ்சு வேதியியலாளர் ஃபிரான்சுவா மாரி ரவுல் அளந்து காட்டினார். அப்படியானால் சர்க்கரையும் பனியை உருக்கும். ஆனால் அதன் மூலக்கூறு கனமானது, அயனிகளாகப் பிரிவதும் இல்லை. எடைக்கு எடை பார்த்தால் உப்பின் பன்னிரண்டில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்யும். ஹார்ட்வேர் கடையில் விலை கூடுதலாக விற்கும் கால்சியம் குளோரைடின் பலம் வேறு வகையானது. அது காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். கரையும்போது வெப்பத்தை வெளியிடும். அதன் அடர்கரைசல் மைனஸ் 50 டிகிரி அளவு வரை உறையாது. வியாழக்கிழமைக்கு அதுதான் பொருத்தம். கலவை மூட்டை வாங்குகிறவர்கள் முன்பக்க எழுத்தை நம்பாமல் பின்பக்கத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் அவற்றில் பலவும் பெரும்பாலும் சாதாரண உப்பே. நகரச் சாலைகளில் பனி விழுவதற்கு முன்பே 23 சதவீத உப்புநீரைக் கோடு கோடாகத் தெளிப்பதற்கும் இதே அறிவியல்தான் அடிப்படை: ஏற்கெனவே கரைந்திருக்கும் உப்பு ஈரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பனி தரையோடு பிடித்துக்கொள்ளவும் விடாது.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்துக்கு உப்புப் பஞ்சம் இல்லை. ஹியூரான் ஏரிக்கு அடியில், கோடரிச் நகரத்துச் சுரங்கத்தில் சுமார் 550 மீட்டர் ஆழத்திலிருந்து பழங்காலக் கடலின் உப்பை வெட்டி எடுக்கிறார்கள். சிக்கல் அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. குளோரைடை நுண்ணுயிர்கள் சிதைப்பதில்லை. பனி உருகியதும் சாக்கடை வழியாக ஓடைக்கும், மண் வழியாக நிலத்தடி நீருக்கும் போகிறது. தமிழர்கள் நிறைந்து வாழும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியின் ஊடாக ஓடும் ஹைலண்ட் கிரீக் என்ற ஓடை, உப்பைச் சுமந்து நேரே ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது. நன்னீர் உயிர்களுக்கு நீண்டகால நோக்கில் லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு என்பதே கனடாவின் வழிகாட்டு வரம்பு; ஒரு தேக்கரண்டி உப்பு இருபது லிட்டருக்கு மேற்பட்ட நீரை அந்த வரம்புக்கு மேலே கொண்டுபோய்விடும்.

ஆகவே ஷவல் வேலையை முதலில் முடித்து, தரையோடு ஒட்டிய மெல்லிய கட்டிக்கு மட்டும் உப்பைப் போட வேண்டும். கற்களுக்கிடையே இரண்டு மூன்று அங்குல இடைவெளி இருந்தாலே போதும், கரைசல் பரவிச் சந்தித்துக்கொள்ளும். கடுங்குளிரில் மணல் தூவலாம். அது எதையும் உருக்காது, கால் வழுக்காமல் பிடிக்கும். தரை காய்ந்தபின் மிஞ்சிக் கிடக்கும் கற்களை விளக்குமாற்றால் கூட்டி வாளியில் போட்டு வைத்தால், அடுத்த பனிக்கு அப்படியே பயன்படும்.