அணி வரும் என்ற பேச்சை நம்பிப் பத்தாண்டுக் குத்தகையில் கையெழுத்திடாதீர்கள்

அமெரிக்காவின் முதல்தரக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணி ஒன்று சியாட்டிலுக்கு வரும் என்ற பேச்சை நம்பிக் கடைக்கு இடம் எடுத்தவர்கள் என்னிடம் வருவது ஆறு மாதங்களில் இது மூன்றாவது முறை என்பதால்தான் எழுதுகிறேன். சியாட்டிலில் சிறு வணிகர்களுக்கு வரிக் கணக்கு முடித்துத் தருவதும், கடைக்கு இடம் எடுப்பவர்களின் குத்தகை ஒப்பந்தங்களை அவர்கள் கையெழுத்திடும் முன் படித்துச் சொல்வதும் என் தொழில். சென்ற வாரம் வந்த தம்பதியர் கையெழுத்திட்டு நான்கு மாதங்கள் கழித்து வந்தார்கள். கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் இருந்த வேலை போய்விட்டது. சேமிப்பை எல்லாம் போட்டு, கிளைமேட் பிளெட்ஜ் விளையாட்டு அரங்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு டிபன் கடைக்கு இடம் எடுத்திருக்கிறார்கள். பத்தாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு ஆண்டு ஏறும் வாடகை, இருவரின் தனிப்பட்ட உத்தரவாதம். அந்த அம்மா ஒரு பள்ளி நோட்டில் பென்சிலால் எழுதிய வரவு செலவுக் கணக்கை என் மேசையில் விரித்தார். பக்கத்தின் மேல் ஓரத்தில் 41 என்று எழுதி இரண்டு முறை வட்டம் போட்டிருந்தது. ஒரு என்.பி.ஏ. கூடைப்பந்து அணி ஒரு பருவத்தில் சொந்த ஊரில் ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கை அது. சியாட்டிலில் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத ஓர் அணியின் அந்த 41 இரவுகளை நம்பியே பக்கத்தின் மீதிக் கணக்கு முழுவதும் போடப்பட்டிருந்தது.

“கட்டடம் தயாரா நிக்குது அண்ணா, ஊருக்கும் எல்லாத் தகுதியும் இருக்கு. அணி வராம எங்க போயிடும்?” என்று கணவர் கேட்டார். இதற்கு முன் வந்த இருவரும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொன்னார்கள். இடம் பார்த்துக் கொடுக்கும் தரகர்கள் இந்த வாக்கியத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு வரும் கோபமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

தகுதியுள்ள ஊருக்கு அணி வரும் என்பது தவறான நம்பிக்கை. என்.பி.ஏ. என்பது ஊர்களின் தகுதியைப் பார்த்துப் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ ஒதுக்கும் அரசுத் துறை அன்று. முப்பது அணிகளின் உரிமையாளர்கள் பங்காளிகளாகச் சேர்ந்து நடத்தும் தனியார் தொழில் அது. புதிய அணி என்றால் முப்பத்தொன்றாவது பங்காளியைச் சேர்த்துக்கொள்வது என்று பொருள். 2004-இல் சார்லட் நகரத்து அணி 30 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே வந்த பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கதவு திறக்கவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்காவில் தகுதியுள்ள நகரங்களே இல்லாமலா போயின? பங்காளிகளின் கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 2025-26 பருவத்தில் தொடங்கிய ஒளிபரப்பு ஒப்பந்தம் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர். ஆண்டுக்குச் சராசரியாக 690 கோடி. அதை முப்பதால் வகுத்தால் அணிக்கு 23 கோடி, முப்பத்திரண்டால் வகுத்தால் 21.6 கோடி. வீரர்களின் பங்கு முதலியவற்றை எல்லாம் விட்டுவிட்டுப் போடும் தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் இரண்டு புதிய அணிகளைச் சேர்த்தால் இப்போதிருக்கும் ஒவ்வோர் உரிமையாளரும் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரிகிறதல்லவா? அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு நுழைவுக் கட்டணம் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தோன்றும் நாளில்தான் கதவு திறக்கும். (அந்தக் கட்டணத்தில் வீரர்களுக்குப் பங்கு கிடையாது, உரிமையாளர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள்.) 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் கூடிய உரிமையாளர்கள் விரிவாக்கத்தைப் பற்றி ஆழமாக ஆராயச் சொன்னபோது ஆராயச் சொன்னதும் இந்தக் கணக்கைத்தான், உங்கள் தெருவின் நடமாட்டத்தை அல்ல.

கட்டடம் நின்றால் அணி வரும் என்பது அதைவிடப் பெரிய பிழை. கான்சாஸ் சிட்டி 2007-இல் 27 கோடி டாலருக்கு மேலான செலவில் நகரத்தின் நடுவே ஓர் அரங்கம் கட்டியது. ஓட்டல் அறைகள் மீதும் வாடகைக் கார்கள் மீதும் கட்டணம் விதித்துப் பணம் திரட்டியது. இன்றுவரை அங்கே என்.பி.ஏ. அணியும் இல்லை, முதல்தர ஐஸ் ஹாக்கி அணியும் இல்லை. இசை நிகழ்ச்சிகளால்தான் அது நன்றாக நடக்கிறது. லாஸ் வேகஸில் ஸ்டிரிப் சாலையின் வடமுனையில் 2014-இல் ஓர் அரங்கத்துக்குப் பூமி பூஜை போட்டார்கள். குழி தோண்டியதோடு சரி, கெடு மேல் கெடு கொடுத்துப் பார்த்துவிட்டு 2023-இல் கவுன்ட்டி நிர்வாகம் கைவிட்டது. இதைச் சொன்னால் உடனே ஓக்லஹோமா சிட்டியைக் காட்டுவார்கள். விற்பனை வரி போட்டு 2002-இல் அரங்கம் கட்டினார்கள், 2008-இல் அணி வந்தது என்பது உண்மை. ஆனால் நடுவில் 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சிதைத்தது; அந்த ஊர் அணி தங்க இடமில்லாமல் இரண்டு பருவங்கள் ஓக்லஹோமா சிட்டியில் ஆடியது; அப்போது நிறைந்த இருக்கைகளைப் பார்த்துத்தான் அந்த ஊர் தாங்கும் என்று லீக் ஒப்புக்கொண்டது. ஒரு புயலின் விளைவை வணிகத் திட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஓக்லஹோமா சிட்டிக்குப் போன அந்த அணி எங்கள் ஊர் அணி. 1967-இல் தொடங்கி 1979-இல் பட்டம் வென்ற சூப்பர்சானிக்ஸ் 2006-இல் 35 கோடி டாலருக்குக் கைமாறியது. 2010 வரை அரங்கக் குத்தகை இருந்தும், நீதிமன்ற வழக்கை நகரத்துக்கு 4.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டு 2008-இல் வெளியேறியது. பெயரும் பச்சை மஞ்சள் வண்ணமும் எங்களிடம் தங்கின. அந்த வண்ணச் சட்டையை இன்றும் தெருவில் பார்க்கிறேன். அணி திரும்பி வர வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு. ஆசை வேறு, குத்தகை வேறு என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அணி இல்லாத நல்ல ஊர் ஒன்று இருப்பதே உரிமையாளர்களுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 2013-இல் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியை வாங்கிச் சியாட்டிலுக்குக் கொண்டுவர ஒரு குழு விலை பேசி முடித்தே விட்டது. பதறிப்போன சாக்ரமெண்டோ நகரம் புதிய அரங்கத்துக்கு 25 கோடி டாலருக்கு மேல் பொதுப் பணம் தர முன்வந்தது. அந்த மே மாதம் உரிமையாளர்கள் 22-க்கு 8 என்ற கணக்கில் இடமாற்றத்தை மறுத்தார்கள். மில்வாக்கியில் 2015-இல் புதிய அரங்கத்துக்குப் பணம் ஒதுக்காவிட்டால் அணி சியாட்டிலுக்கோ லாஸ் வேகஸுக்கோ போகும் என்று அணி நிர்வாகமே வெளிப்படையாகச் சொன்னது. விஸ்கான்சின் மாநிலம் 25 கோடி டாலர் பொதுப் பணத்துக்கு ஒப்புதல் தந்தது. இரண்டு முறையும் நம் ஊரின் பெயர் மற்ற ஊர்களில் காசாயிற்று, நமக்கு எதுவும் வரவில்லை. “அணி வரப்போகிறது” என்ற செய்தியைப் படிக்கும்போது அது யாரை மிரட்டுவதற்காகச் சொல்லப்படுகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லாஸ் வேகஸில் 2016-இல் தனியார் பணத்தில் கட்டிய அரங்கம் இருக்கிறது, என்.பி.ஏ.வின் கோடைக்கால லீக்கும் ஆண்டுதோறும் அந்த ஊரில் நடக்கிறது. சியாட்டிலுடன் சேர்த்துப் பேசப்படும் முதல் பெயர் அதுதான். மெக்சிகோ சிட்டியில் என்.பி.ஏ.வின் வளர்ச்சி லீக் அணி ஒன்று ஆடுகிறது. மக்கள் தொகையில் அதற்கு ஈடு இல்லை, ஆனால் 2,200 மீட்டர் உயரமும் நாணய மதிப்பும் கவனிக்க வேண்டியவை. நாணயம் என்றதும் வான்கூவர் நினைவுக்கு வருகிறது: கனடா டாலரில் சீட்டு விற்று அமெரிக்க டாலரில் சம்பளம் கொடுத்த அந்த அணி 1995-இல் தொடங்கி 2001-இல் மெம்பிஸுக்குப் போய்விட்டது. இருக்கும் அணி இடம்பெயர்ந்து வரும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2008-க்குப் பிறகு எந்த அணியும் வேறொரு பெருநகரப் பகுதிக்குப் போகவில்லை; 2012-இல் நியூ ஜெர்சி அணி புரூக்ளினுக்குப் போனதும் அதே பெருநகரப் பகுதிக்குள்தான்.

ஊர் சரியாக அமைந்தாலும் தெரு தவறலாம். 2012-இலிருந்து நான்கு ஆண்டுகள் சியாட்டில் முழுவதும் தென்புறத்து சோடோ பகுதியில்தான் அரங்கம் எழும் என்று பேசியது. அந்த அரங்கத்துக்காக ஒரு தெருவை விட்டுக்கொடுக்கும் தீர்மானம் 2016 மே மாதம் நகர மன்றத்தில் 5-க்கு 4 என்று தோற்றது. கடைசியில் நகரின் வேறொரு புறத்தில் 1962 உலகக் கண்காட்சிக் கட்டடத்தின் பழைய கூரையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் அடியில் இன்றைய கிளைமேட் பிளெட்ஜ் அரங்கத்தைக் கட்டி 2021-இல் திறந்தார்கள். சோடோவில் இடம் பிடித்த ஒருவரின் கணக்கை அப்போது நான்தான் முடித்துக் கொடுத்தேன். அந்த வேலையை இன்னொரு முறை செய்ய எனக்கு விருப்பமில்லை.

சரி, அணி வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். 41 இரவுகள் போக 324 நாட்கள் மீதம் இருக்கின்றன; வாடகை அந்த நாட்களுக்கும் உண்டு. அந்தத் தம்பதியரின் கடை வாசலில் சென்ற வாரம் ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்த ஒரு மாலையில் நானே போய் நின்று பார்த்தேன். ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் நகர நடுவிலிருந்து மோனோரயிலில் வந்து, அரங்கம் இருக்கும் சியாட்டில் சென்டர் வளாகத்துக்குள் இறங்குகிறார்கள். அங்கிருந்து நேராக அரங்கத்துக்குள் போய்விடுகிறார்கள். கடை இருப்பதோ அரங்கத்துக்கு மறுபுறம். ஆட்டம் தொடங்கும் வரை அந்த நடைபாதையில் போனவர்களை எண்ணினேன், நூறைத் தொடவில்லை. அணிச் சட்டை மாட்டிக்கொண்டு அவசரமாகப் போகிறவர்கள் அவர்கள். உட்கார்ந்து தோசை சாப்பிட வருகிறவர்கள் அல்லர். சாப்பாடும் பானமும் உள்ளேயே கிடைக்கின்றன. ஆட்டம் முடியும்போது இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. அணிக்குச் செலவிடும் பணத்தை அந்தக் குடும்பங்கள் திரையரங்கிலோ வேறு உணவகத்திலோ எப்படியும் செலவிட்டிருப்பார்கள், ஊரின் மொத்த வருமானம் பெரிதாகக் கூடுவதில்லை என்று பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். என் வாடிக்கையாளர்களின் கணக்குப் புத்தகங்களும் அதையே சொல்கின்றன.

ஆகவே, கையெழுத்திடப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். அணி என்ற சொல்லையே அடித்துவிட்டுக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் வரும் வாடிக்கையாளர்களால் வாடகை கட்ட முடியாது என்று தெரிந்தால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம். அணி வருகையைக் காட்டி உயர் வாடகை கேட்கும் கட்டட உரிமையாளரிடம், அணி ஆடத் தொடங்கும் நாளிலிருந்துதான் அந்த உயர்வு என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். உறுதியாக வரும் என்று நம்புகிறவருக்கு அதை எழுதித் தருவதில் தயக்கம் இருக்கக் கூடாது. இதுவரை நான் கேட்டவர்களில் ஒருவரும் எழுதித் தரவில்லை. டிரிப்பிள் நெட் குத்தகை என்றால் வாடகைக்கு மேல் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் உங்கள் தலையில் விழும். அரங்கத்தால் நிலத்தின் மதிப்பு ஏறினால் சொத்து வரியும் உங்கள் செலவில்தான் ஏறும். பத்தாண்டு கேட்டால் மூன்றாண்டும், விரும்பினால் நீட்டிக்கும் உரிமையும் கேளுங்கள். தனிப்பட்ட உத்தரவாதம் தவிர்க்க முடியாதது என்றால் பன்னிரண்டு மாத வாடகைக்கு மேல் போகாதபடி வரம்பு போடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்தாகக் கருதப்படுவதால், ஒருவர் மட்டும் போட்ட கையெழுத்தும் இருவரின் வீட்டைத் தொடக்கூடும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் சொந்தக் கடையிலேயே நின்று வேலை பார்க்கப் பொதுவாக அனுமதி இல்லை என்பதையும் பலர் கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் கேட்கிறார்கள். தயவுசெய்து முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்க வேண்டாம். என்னிடம் வந்த தம்பதியர் நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம், அந்த நான்கு மாதங்களில் உள்வேலைக்குச் செலவான பணம் திரும்பப் போவதில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, உள்குத்தகைக்கு விடுவது பற்றிய பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டுமா, அறிவிப்பு கொடுக்க எத்தனை நாள் என்ற மூன்றையும் இன்றிரவே பாருங்கள். அவர்களுடைய ஒப்பந்தத்தில் அது இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது, அறிவிப்புக் காலம் அறுபது நாட்கள். மறுநாள் காலையிலேயே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம்.