ஜீனோம் என்பது ‘மரபணு வரைபடம்’ அல்ல

சிறுவர் அறிவியல் கட்டுரை ஒன்றில் மறுபடியும் அதே வரி: ‘நம் செல்களுக்குள் மரபணு வரைபடம் இருக்கிறது.’ செல்லுக்குள் வரைபடம் எதுவும் கிடையாது. அங்கே இருப்பது ஜீனோம்.

மரபணுவைக் குறிக்கும் ஜீன் என்ற சொல்லை 1909-ல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் தந்தார். அதை வைத்து ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் 1920-ல் ஜீனோம் என்றார். ஓர் உயிரின் டி.என்.ஏ (மரபுச் செய்தியைத் தாங்கும் வேதிப்பொருள்) முழுவதும் என்பது இன்றைய பொருள்.

2003-ல் மனித ஜீனோம் திட்டம் முடிந்தபோது, டி.என்.ஏ-வில் எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து (எழுத்து என்பது அதன் நான்கு வகை வேதி அலகுகளில் ஒன்று) என்று விஞ்ஞானிகள் வரிசைப்படுத்தி வைத்தார்கள். மனிதர் தயாரித்த அந்தப் பட்டியலை வரைபடம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஊரும் ஊரின் வரைபடமும் ஒன்றா? ‘மரபணு வரைபடத்தில் பிழை’ என்று ஒரு பிள்ளை படித்தால், பிழை உடம்பில் இருக்கிறதா, விஞ்ஞானி எழுதியதில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இதை யோசிக்காமல் எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

சரி, ‘மரபணுத் தொகுப்பு’ என்கிறார்களே? வரைபடத்துக்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் குறை இருக்கிறது. மனித ஜீனோமில் சுமார் 300 கோடி எழுத்துகள். புரதம் செய்யக் கட்டளை தரும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. அந்தக் கட்டளை எழுதியிருக்கும் பகுதி மொத்தத்தில் 2 சதவீதம்கூட இல்லை. மரபணுக்களை மட்டும் எடுத்துக் கோத்தால் ஜீனோம் ஆகாது. அவற்றுக்கு இடையே கிடக்கும் நீண்ட பகுதிகளும் சேர வேண்டும்.

அதனால் ‘அணு’வை விட்டுவிட்டு ‘மரபுத்தொகை’ என்போம். குறுந்தொகை, எட்டுத்தொகை என்று படிக்கிற பிள்ளைக்குத் தொகை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ‘மரபுத்தொகுதி’யும் பொருளில் சரிதான், ஆனால் தொகுதி என்றதும் தமிழ்நாட்டில் தேர்தல் ஞாபகம் வந்துவிடுகிறது. மரபணு என்ற சொல்லை ஜீனுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். இலங்கைப் பாடநூல்கள் அதைப் பரம்பரையலகு என்கின்றன. அதுவும் தெளிவான சொல்.

செய்தித்தாள்களோ ஜீன், டி.என்.ஏ, ஜீனோம் மூன்றையும் ‘மரபணு’வில் அடக்கிவிடுகின்றன. தந்தை யார் என்று அறியும் சோதனையையும் ‘மரபணுச் சோதனை’ என்கிறார்கள். அதில் ஒப்பிடுவது, ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை. பெரும்பாலும் அவை புரதக் கட்டளை இல்லாத இடங்களில் இருப்பவை. டி.என்.ஏ சோதனை என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.