பேடன்ட் என்றால் திறந்த மடல்

காப்புரிமை என்ற சொல்லைக் கேட்டால் பூட்டும் சாவியும்தான் மனத்தில் தோன்றும். ஆனால் அது எந்தச் சொல்லுக்கு ஈடாக வந்ததோ, அந்தப் ‘பேடன்ட்’டின் வேர்ப்பொருள் நேர் எதிரானது. திறந்திருத்தல் என்னும் பொருள் கொண்ட ‘பாத்தேரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது அது. ஐரோப்பிய அரசர்கள் ஒருவருக்குப் பதவியோ பட்டமோ தனிவணிக உரிமையோ வழங்கும்போது, மடலை மூடி முத்திரையிடாமல், முத்திரையை அடியில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். முத்திரையை உடைக்காமலே எவரும் படிக்கலாம். ‘திறந்த மடல்’ என்ற அந்தப் பெயரின் பாதிதான் இன்று பேடன்ட் என எஞ்சியிருக்கிறது.

சட்டத்திலும் அந்தத் திறப்பு இருக்கிறது. கண்டுபிடிப்பின் செய்முறையை ஊரறிய எழுதிக்கொடுத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பிறர் அதைப் பயன்படுத்தாமல் தடுக்கலாம். நம் சொல் காவலை மட்டும் காட்டுகிறது, திறப்பைக் காட்டவில்லை. போதாக்குறைக்கு, பாடலுக்கும் நூலுக்கும் உள்ள பதிப்புரிமையையும் செய்திகளில் காப்புரிமை என்றே எழுதிவிடுகிறார்கள். அது வேறு சட்டம், வேறு உரிமை. பேடன்ட்டில் உரிமையைக் காப்புரிமை என்றும், அதை வழங்கும் ஆவணத்தைக் காப்புரிமம் என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

எதைக் காக்கிறது, எவ்வளவு காக்கிறது என்ற கேள்விக்கு இணையச் சந்தைகளின் ஒரு சிறு பொத்தானால் எழுந்த வழக்குகளைப் பார்க்கலாம். முகவரியும் அட்டை விவரமும் ஏற்கெனவே இருந்தால் ஒரே அழுத்தில் பொருளை வாங்கிவிடும் முறைக்கு அமேசான் 1997இல் விண்ணப்பித்து, 1999 செப்டம்பரில் அமெரிக்கக் காப்புரிமம் பெற்றது. ‘ஒன் கிளிக்’ என்ற இதன் பெயருக்கு ‘ஒற்றைச் சொடுக்கு’ என்பது அழகான தமிழ். சொடுக்குப் போடும் நேரத்தில் வேலை முடிவது என்ற வழக்கும் அதில் சேர்ந்துகொள்கிறது. அடுத்த மாதமே போட்டிப் புத்தக விற்பனை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்குத் தொடர்ந்தது அமேசான். டிசம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. எதிராளி தன் தளத்தில் விரைவாக வாங்கும் வழியில் இன்னொரு சொடுக்கைச் சேர்க்க வேண்டியதாயிற்று! காப்புரிமம் செல்லுமா என்பதிலேயே வலுவான ஐயம் இருப்பதாகக் கூறி, 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. 2002இல் சமரசம். ஐரோப்பியக் காப்புரிம அலுவலகமோ இந்த முறைக்குக் காப்புரிமம் தரவே மறுத்துவிட்டது.

ஏலமின்றி நிலையான விலைக்கு வாங்க உதவும், இணைய ஏலத் தளமான ஈபேயின் ‘பை இட் நவ்’ பொத்தானை, ‘இதை இப்போது வாங்கு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், ‘உடனே வாங்கு’ என்றால் போதும். அந்தப் பொத்தான் தன் காப்புரிமத்தை மீறுகிறது என்று மெர்க்எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் 2001இல் வழக்குத் தொடர்ந்தது. 2003இல் ஜூரி அதை ஏற்று 3.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஆனால் நிரந்தரத் தடை தர நீதிபதி மறுத்தார். நம் நீதிமன்றத் தமிழில் இந்தத் தடைக்கு ‘உறுத்துக் கட்டளை’ என்று பெயர். மேல்முறையீட்டு நீதிமன்றம், மீறல் உறுதியானால் தடை வழங்குவதே பொது விதி என்றது.

அந்த விதி நின்றிருந்தால் ‘தடுப்புரிமை’ என்பதே பொருத்தமான தமிழாக இருந்திருக்கும். ஆனால் 2006 மே 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வேறு சொன்னது: தடுக்கும் உரிமை ஒன்று, அதற்கான நிவாரணம் வேறொன்று. ஈடுசெய்ய முடியாத இழப்பு உண்டா, பணம் போதாதா, இரு தரப்பின் இன்னல்கள் எப்பக்கம் சாய்கின்றன, பொதுநலன் கெடுமா என்ற நான்கையும் எடைபோட்ட பிறகே உறுத்துக் கட்டளை. ஆக, காவல் உண்டு; கதவை அடைப்பது தானாக நடப்பதில்லை. இந்த அளவுக்குக் ‘காப்பு’ என்ற தளர்வான சொல்லே சரியாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்துக்குப் போனது. 2007இலும் தடை மறுக்கப்பட்டது. 2008இல் ஈபே அந்தக் காப்புரிமத்தையே விலைக்கு வாங்கியது. ‘உடனே வாங்கு’ பொத்தானுக்கு உரிய காப்புரிமத்தை வாங்க அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.